வெள்ளிக்கிழமை இராகு காலம்

இராகு காலத்தில் கார் கிளம்பவே கூடாது என்று அதன் கணினியில் நிரல் எழுதி வைத்தவர் தணிகாசலமேதான். அந்த வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு மகள் மேகலாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோதும் அது அசையவில்லை.

"பன்னிரண்டு மணிக்குக் கிளம்பலாம்" என்றது.

"அப்பா, தாங்க முடியல... ஏதாவது பண்ணுப்பா!"

விதியை நீக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரே வரி எழுதிக் காரின் கடிகாரத்தைப் பன்னிரண்டு ஐந்துக்குத் தள்ளினார். கார் பறந்தது. மருத்துவமனை வாசலை எட்டும் முன்பே பின்சீட்டில் பேத்தி வீறிட்டாள்.

மறுநாள் மேகலா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஜாதகத்துக்கு எந்த நேரம்ப்பா? கார் காட்டுனதா?"

"புள்ளைக்குப் போய் பொய் நேரமா? பதினொண்ணு பத்துன்னே எழுது."

சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார். இராகு காலப் பட்டியலைத் திறந்து, வெள்ளிக்கிழமையை மட்டும் அழித்தார்.