இறங்கியிருக்கக்கூடிய விமானங்கள்

பலகையில் ஆறு விமானங்கள் இருந்தன. இஞ்சினின் குதிரைத்திறன், இறக்கையின் நீளம் என்று ஒன்றும் விடுபடவில்லை.

பலகை நிற்கப்போகிற பழைய ஓடுபாதையில் ஒரு விமானமும் இறங்கியதில்லை. வேலை முடிவதற்குள் ஜப்பான்காரனின் சண்டை முடிந்துவிட்டது. ஆகவே பலகையின் தலைப்பு: 'இங்கே இறங்கியிருக்கக்கூடிய விமானங்கள்.'

பழைய விமானத் தளங்களைத் தேடும் சங்கத்தின் செயலாளர் ஹேமநாதன், அந்தப் பலகைக்காக அச்சுக்குப் போக வேண்டிய மாதிரித் தாளை வேன் கதவில் ஒட்டி வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். வானத்திலிருந்து எடுத்த படத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்கள் ஒரு நேர்கோட்டில் மட்டும் குள்ளமாக நிற்பதைக் கவனித்து இந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பதினாறு மாத ஆராய்ச்சி. மண் இறுகிப் புல் முளைக்காத அந்தப் பட்டையில் தோட்டத்து மாடுகள் மேய்வதே இல்லை. அவற்றின் பின்னால் போயிருந்தால் ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்திருக்கும்.

பிச்சையம்மாள் சற்றுத் தள்ளி, கையில் ஒரு நோட்டோடு நின்றாள்.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக அலைந்து, மூன்று வருஷத்தில் நாற்பத்தொரு பெயர்களைச் சேர்த்திருந்தாள். இந்த மண்ணைச் சமப்படுத்த லாரியில் கொண்டுவரப்பட்டு, காய்ச்சலிலும் பட்டினியிலும் இங்கேயே புதைந்தவர்கள்.

முதல் பெயர் இருளப்பன். அவளுடைய பாட்டன். சாவுக்குச் சான்றிதழ் கிடையாது, குழி எங்கே என்று சொல்ல ஆளும் கிடையாது. அந்தப் பெயரை எங்காவது ஓர் இடத்தில், நாலு பேர் படிக்கிற மாதிரி பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

கேட்கத் தெரிந்த ஆள் வேண்டுமே என்றுதான் பரஞ்சோதியைக் கூட்டிவந்தாள். சுங்கைப் பட்டாணி டவுனில் மளிகைக் கடைக்காரர். அவர் பேரம் பேசினால், வெங்காயம் விற்க வந்தவன் சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான் என்று ஊரில் பேச்சு.

"நாப்பத்தொண்ணும் போடு தம்பி."

"எடம் இல்லலா அண்ணே."

"சரி, இருவது."

"அப்புறம் இறக்கை நீளத்த எங்க போடுறது?"

"பத்து. ஒரு விமானத்தத் தூக்கிடு. அதான் வரவே இல்லையே!"

ஹேமநாதனின் முகம் சுண்டிவிட்டது. வராவிட்டாலும் விமானம் விமானம்தானே.

பரஞ்சோதி அவர் தோளில் கைபோட்டு வேனுக்கு அந்தப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். வியாபாரத்தில் கடைசி விலையைக் காதுக்குள்தான் சொல்வார்கள்.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்.

"ஒரு பேரு, அக்கா. அதுக்கப்புறம் 'மற்றும் பலர்'. இழுத்துப் பிடிச்சுப் பாத்துட்டேன், இதுக்கு மேல அசைய மாட்டேங்கிறான்."

நாடக நோட்டீசில் வருகிற மாதிரி. நாற்பது உயிரும் 'பலர்'.

பிச்சையம்மாள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். ஆனாலும், ஒன்று என்றால் முதல் பெயர்தானே? நாற்பது பேரை விட்டுவிட்டுச் சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே சந்தோஷப்பட்டாள்.

ஹேமநாதன் தாளின் அடியில் பேனாவால் எழுதினார். அவள் கிட்டே போய்ப் படித்தாள்.

'கங்காணி சின்னையா மற்றும் பலர்.'

நோட்டில் அந்தப் பெயர் இல்லை. இருக்கவும் இருக்காது. ஆனால் அவள் ஏறி இறங்கிய ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, நாற்பத்தொரு பேரையும் லாரியில் ஏற்றிவிட்டவர். தான் ஏறாதவர்.

பரஞ்சோதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை நோக்கிக் குனிந்தார்.

"எங்க தாத்தா பேரக் கொஞ்சம் பெருசாப் போட்ரு தம்பி. 'பலர்'ங்கிறதச் சின்னதாக்கினா எடம் வரும்."