பக்கத்து வீட்டுத் தலைப்பு

எங்கள் குடியிருப்பில் எல்லார் வீட்டுச் சுவரிலும் ஒரு கருவி உண்டு. பகலெல்லாம் வீட்டில் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்து, சாயங்காலம் வலைப்பூவில் எழுத ஒரு தலைப்பு சொல்லும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவுக்கு 'என் மகன் சொன்ன முதல் பொய்' என்று கொடுத்தது. எனக்கு 'மிக்ஸியைச் சுத்தம் செய்வது எப்படி'. எப்போதும் இப்படித்தான். அவளை ஊரே படிக்கிறது. என் பதிவுக்கு லைக் போடுவது என் கணவர் மட்டும்.

வயிறு எரிந்தது. என் வீட்டிலும் ஏதாவது நடக்கட்டும் என்று நேற்று அவரிடம் வேண்டுமென்றே சண்டை இழுத்தேன்.

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் ஒருநாள்கூட சந்தோஷமா இருந்ததில்ல."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். டிவியை அணைத்தார்.

"இத்தனை வருஷமா இதைச் சொல்லாமலா இருந்த, மங்கை?"

பையை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் கருவி தலைப்பு சொன்னது: 'ஒருவருக்கு மட்டும் சமைப்பது எப்படி'.

ஸ்டெல்லாவின் வலைப்பூவைத் திறந்தேன். 'சுவருக்கு அந்தப் பக்கம் அழுகிறவள்'. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். கீழே முதல் லைக் என் கணவருடையது.