இரவல் சட்டை

"அந்தப் பச்சைச் சட்டை உங்களுடையது இல்லை சார். இரவல்" என்றாள் மைதிலி, ஒலிபெருக்கியில், நிறைந்த அரங்கின் முன்னால்.

மேடையில் அமர்ந்திருந்த பூபாலன் தம்மை அறியாமல் தம் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. மைதிலி சொன்னது அவர் உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டையை அல்ல. அவருடைய கவிதைக்குள் இருந்த சட்டையை.

செகந்தராபாத்தில், 2006ஆம் ஆண்டின் தமிழ்க் கவிதைப் பரிசுக்கான இறுதிச் சுற்று விவாதம் அது. மாதாப்பூரில் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்த மைதிலி, ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதைகளைச் சோதிப்பவள். பூபாலன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதி, நான்கு தொகுதிகள் வெளியிட்டு, ஒரு சால்வைகூடக் காணாதவர். இந்தப் பரிசும் கைநழுவினால் பேனாவை மூடிவிடுவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மைதிலி நூலை விரித்துப் படித்தாள்.

"பச்சைச் சட்டை ஒன்று
கல்குழி நீரில் இறங்கிப் போயிற்று.
மீன்கொத்தி தன் மீனை மட்டும் பார்த்தது.
தட்டான் முள்ளில் அமர்ந்து
சிறகைச் சரிசெய்துகொண்டது.
நீர்க்கொடிகள் எதையும் திருப்பித் தரவில்லை."

"நவீனத்தன்மை எல்லாமே இருக்கு. 'நான்'ங்கிற சொல்லே கிடையாது. அழுகை கிடையாது. சின்ன வயசுன்னா மாங்காய், ஊஞ்சல்னு கொஞ்சவும் இல்ல. இயற்கை மனுஷனைக் கண்டுக்கவே இல்ல. ஆனா அனுபவம் எங்கே? சட்டை இழந்துபோன பால்யத்துக்குக் குறியீடு. உள்ளே ஆளே கிடையாது. வெளிநாட்டுக் கவிதைகளைப் படிச்சுப் பழகின உத்தி சார் இது."

முன்வரிசையில் ஆக்னஸ் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலஞ்சென்ற ரயில்வே கார்டு அந்தோணியின் மனைவி, வயது எழுபத்தாறு. ஒரே மகன் சேவியர் வீட்டைவிட்டுப் போன நாள் முதல், அடுத்த வீட்டுப் பூபாலன்தான் அவருக்குப் பிள்ளை. மாத்திரை வாங்கித் தருவதும், ஞாயிறுதோறும் மாதா கோயில் வாசலில் கொண்டுபோய் விடுவதும் அவரே.

"என்னடி சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று பக்கத்திலிருந்த காலனிப் பெண் கமலாவைக் கேட்டார்.

"பூபாலண்ணன் காப்பி அடிச்சுட்டாராம் ஆன்ட்டி."

"அடி போடி! அவன் எழுதுறதுல ஒரு வரி எனக்குப் புரியாது. ஆனா எம்புள்ள பொய் எழுதமாட்டான்."

நடுவர் வைத்தியநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இரவல்னு ஆயிட்டா விதிப்படி பரிசு கிடையாது. பூபாலன், பதில் ஏதாவது உண்டா?"

தம் கவிதைக்கு யார் பொருள் கேட்டாலும், "கவிதையே சொல்லும்" என்று புன்னகைத்து ஒதுங்குவதே பூபாலனின் வழக்கம். அன்றும் அவர் அப்படி ஒதுங்கியிருக்கலாம். ஆனால் வளைக்குள் பத்திரமாக இருந்த நண்டு, தன் கொடுக்கு பொய்க்கொடுக்கு என்று யாரோ சொல்லக் கேட்டு, அதைக் காட்டவே வெளியில் வந்ததாம். பூபாலன் எழுந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"உங்களுக்கு எல்லாமே குறியீடு! நான் கண்ணால பார்த்தேம்மா. லோத்குண்டாவுக்குப் பின்னால மிலிட்டரி நிலத்துல ஒரு கல்குழி. மழைக்கு நிறைஞ்சு கிடந்தது. அறுபத்தெட்டு, ஆகஸ்ட் பதினஞ்சு. ஸ்கூல்ல கொடியேத்தி மிட்டாய் கொடுத்து அனுப்பிட்டாங்க. எனக்குப் பன்னெண்டு வயசு."

"இடம் சரி சார். சட்டை?"

"கார்டு ரயிலுக்குக் காட்டுற பச்சைக் கொடி இருக்கே, அந்தத் துணி. ஒரு கொடி பத்தாதுன்னு ரெண்டு பழைய கொடியை முதுகு நடுவுல ஒட்டுப் போட்டு, கையால தச்ச சட்டை. அந்தத் தையல்தான் கடைசியா முங்குச்சு. இதை எந்த வெளிநாட்டுக்காரன் எழுதுவான்? சொல்லுங்க!"

மைதிலியின் முகம் சிவந்தது.

"மன்னிச்சிருங்க சார். இவ்வளவு நேரடி அனுபவம்னு எனக்குத் தெரியாது. இப்பதான் கவிதை முழுசாத் திறக்குது."

கைதட்டல் கூரையைத் தொட்டது. வைத்தியநாதன் எழுந்து நின்றே தீர்ப்பை அறிவித்தார். பரிசு பூபாலனுக்கே. இருபத்தைந்து ஆண்டுகளின் கசப்பு ஒரே நொடியில் இறங்கிவிட, பூபாலன் கண்களைத் துடைத்துக்கொண்டார். இனி எவரும் தம்மைப் போலி என்று சொல்ல முடியாது.

காலனிக்காரர்கள் சேர்ந்து வாங்கிய சால்வையைப் போர்த்த, ஆக்னஸ் அம்மாளை மேடைக்கு அழைத்தார்கள். கமலாவின் தோளைப் பற்றிக்கொண்டு, படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறினார். தாயின் பூரிப்பு என்று எண்ணிக் கூட்டம் மேலும் தட்டியது.

பூபாலன் தலையைக் குனிந்து காத்திருந்தார். சால்வை கழுத்தில் விழவில்லை. நிமிர்ந்தபோது அது தரையில் கிடந்தது. அந்த அம்மாளின் இரு கைகளும் அவருடைய கன்னங்களைப் பற்றிக்கொண்டன. அவர் மெதுவாகத்தான் கேட்டார். ஒலிபெருக்கி அதை அரங்கம் முழுவதற்கும் கொண்டுசென்றது.

"அப்போ அந்தச் சட்டையோட எங்க சேவியர் பம்பாய் ரயில்ல ஏறுனதைக் கண்ணால பார்த்தேன்னு எங்கிட்ட ஏன்டா சொன்ன, பூபாலா?"