பத்தைக்குள் ஐம்பது வீடு

வாவித் தீவில் பத்தே வீடு. தோணியை விட்டால் வழியில்லை. வீடு கூடினால்தான் பாலம் வரும் என்று நம்பிய நோபேட், வானத்துச் செய்மதி ராடாருக்கு வீடுபோலத் தெரியட்டும் என்று பழைய தகரங்களை மடித்துப் பத்தைப் புதருக்குள் நட்டுவைத்தான்.

செய்மதிப் படத்தைச் சரிபார்க்க வந்தாள் வரைபட உத்தியோகத்தர் ஸுஹைனா.

“படத்தில அறுபது வீடு. இஞ்ச பத்துத்தானே நிக்குது?”

“மிச்சம் ஐம்பதும் பத்தைக்குள்ள, மிஸ்.”

“அப்ப பாலம் கிடைக்காது. இருபது வீட்டுக்குக் குறைஞ்ச ஊருக்குத்தான் குடுப்பாங்க.”

நோபேட் பதறினான். “ஐயோ மிஸ், அது முழுக்கத் தகரம்! நான்தான் நட்டன்!”

ஸுஹைனா பத்து என்று எழுதிவிட்டுச் சிரித்தாள்.

“அப்படிச் சட்டமே இல்ல, அண்ணன். பாலம் கேட்கப் பத்து வீடே போதும். இந்தப் பாம்புப் பத்தைக்குள்ள இறங்கி எண்ண எனக்குத்தான் பயம்!”