வத்தல் குடியேறிய வீடு

கதவைத் திறந்ததும் முதலில் தும்மியது தீபலட்சுமி. அடுத்து அவள் கணவர் ஹரிகிருஷ்ணன். மூன்றாவதாக, கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி வந்த, சாமான் ஏற்றி வந்த குட்டி யானை வண்டியின் டிரைவர்.

கோவில்பட்டியில் அவர்கள் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டில் தரையே தெரியவில்லை. ஹாலிலும் ரூமிலும் சுவருக்குச் சுவர் செக்கச்செவேலென்று மிளகாய் வத்தல். நடுவில் ஒரு அம்மாள் குத்தவைத்து, கையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி! என்ன இது?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார் ஹரிகிருஷ்ணன்.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் வன்னியபெருமாள் அவசரமாக இறங்கி வந்தார்.

"ஒண்ணுமில்ல சார். இவ நாகலாபுரத்துப் பேச்சித்தாய். களத்துல வத்தலக் காயப்போட்டிருந்தா. மாசி மாசத்துல மழை வரும்னு யாரு கண்டா? வீடு சும்மாதான கெடக்குன்னு விட்டேன். நீங்க ஒரு ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டீங்கன்னா..."

ஹரிகிருஷ்ணன் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்ப்பவர். சினிமா டிக்கெட்டின் பின்பக்கத்து நிபந்தனைகளையும் படித்து முடித்துவிட்டுத்தான் திரையைப் பார்ப்பார்.

"சும்மா கெடக்கல அண்ணாச்சி. ஒண்ணாந்தேதியில இருந்து வாடகை கொடுத்திருக்கேன். டிரான்ஸ்பர் ஆர்டர் லேட்டானதால இன்னைக்கு வாரேன். பேசினபடி வீட்டைக் காலியா ஒப்படைக்கணும். இல்லன்னா வாடகையும் கெடையாது, அட்வான்ஸையும் திருப்பித் தரணும். நாங்க லாட்ஜுல தங்கினா அந்தச் செலவும் உங்க தலையில. எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"என்னங்க, மொதல்ல சாமானை எங்க எறக்கன்னு சொல்லுங்க. மழை வேற இருட்டிக்கிட்டு வருது" என்றாள் தீபலட்சுமி.

"சட்டப்படி எறக்குவோம்."

"ஆமா, சட்டம் வந்து பீரோவுக்கு ஒரு பக்கம் பிடிக்கும்!"

பேச்சித்தாய் எழுந்து நின்றாள்.

"எய்யா, ரெண்டே நாளு. முக்காவாசி காஞ்சிட்டு. இப்ப வெளிய அள்ளிப்போட்டா நனைஞ்சு வெளுத்துரும். வெளுத்த வத்தல ஏவாரி திரும்பிக்கூடப் பாக்கமாட்டான். ஒரு வருசத்து வெள்ளாமைய்யா."

ஹரிகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒண்ணாந்தேதியில இருந்து இந்த வீடு யாரு பொறுப்பு?"

"உங்க பொறுப்புதான் சார்."

"யாரை உள்ள விடணும், யாரை விடக்கூடாதுன்னு சொல்லுத உரிமை?"

"அதுவும் உங்களுக்குத்தான்."

"உறுதியா?"

"கோயில்ல வந்து சத்தியம் பண்ணணுமா சார்?" வன்னியபெருமாளுக்கு வேர்த்துவிட்டது. வாங்கிய அட்வான்ஸ் ஏற்கெனவே மாடிக்கு டைல்ஸாக மாறியிருந்தது. கோபத்தைக் காட்ட வசதியான இடம் பேச்சித்தாய்தான்.

"ஏட்டி பேச்சி! சார் சொல்லுதது காதுல விழல? அள்ளு, அள்ளு. வீடு இப்பமே காலியாகணும்."

"அள்ளவா? ஒரு மூட்டை வத்தல வாடகைன்னு வாங்கி மாடியில வச்சுக்கிட்டு, இப்ப அள்ளச் சொல்லுதீகளே அண்ணாச்சி!"

டிரைவர் கட்டிலைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாரானார்.

"அப்படியா?" கணக்கில் ஓட்டை கண்ட தணிக்கையாளரின் முகம் எப்படி மலருமோ, அப்படி மலர்ந்தது ஹரிகிருஷ்ணனின் முகம். "என் பொறுப்புல இருக்க வீட்டுக்கு நீங்க உள்வாடகை வாங்கியிருக்கீங்க. அப்ப அந்த மூட்டை எனக்குச் சேர வேண்டியது. கொண்டாங்க."

தீபலட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. "என்னங்க இது? நாம வத்தலுக்கு வழியில்லாமலா இருக்கோம்? அவிய கண்ணுல தண்ணியோட நிக்காவ..."

"நீ கொஞ்சம் சும்மா இரு. உரிமைன்னா உரிமை."

மூட்டை வந்தது. வன்னியபெருமாளே தோளில் சுமந்து வந்து தொப்பென்று போட்டார். அதற்குள் பேச்சித்தாய் ஒரு சாக்கை விரித்து, ஓரத்திலிருந்து வத்தலை அள்ளத் தொடங்கியிருந்தாள். வெளியே தூறல் விழ ஆரம்பித்தது.

ஹரிகிருஷ்ணன் மூட்டையை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"இதையும் சேத்து விரிச்சு விடுங்கம்மா. நான் உங்ககிட்ட வாடகை கேக்கலையே."

அள்ளிய கை அப்படியே நின்றது.

"அது எப்படி சார்..." என்று இழுத்தார் வன்னியபெருமாள்.

"யாரை உள்ள விடணும்னு சொல்லுத உரிமை யாருக்கு அண்ணாச்சி? இப்பதான சத்தியம் வரைக்கும் போனீங்க?"

வன்னியபெருமாள் தோளில் ஒட்டியிருந்த வத்தல் விதையைத் தட்டிவிட்டார்.

"வத்தல் காயுத வரைக்கும் நாங்க சாமானோட உங்க மாடி ரூம்ல தங்கிக்கிடுதோம். பேசின தேதியில வீடு கெடைக்காத குடித்தனக்காரனுக்கு இடம் கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர் கடமை. சட்டமே இருக்கு."

வன்னியபெருமாள் மாடிச் சாவியை எடுக்கப் போனார். தீபலட்சுமி கணவரின் காதருகே வந்தாள்.

"அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

"எனக்குத் தெரியாது. நல்லவேளை, அண்ணாச்சிக்கும் தெரியாது."

அவள் சிரித்துக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகி, வத்தலை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்து அடுப்படிக்குப் போனாள். நல்ல நேரம் முடிவதற்குள் பால் காய்ச்ச வேண்டும். பொங்கிய பாலில் முதல் டம்ளர் பேச்சித்தாய்க்கு வந்தது.

ஹரிகிருஷ்ணன் அண்ணாந்து பார்த்தார்.

"ஃபேன் ஏன் ஓடல?"

"கரண்டு பில்லு ஏறும், போடக்கூடாதுன்னு வீட்டுக்காரவிய சொல்லிட்டாவய்யா."

"வீட்டுக்காரவிய இப்பதாம்மா வந்திருக்காவ" என்று சொல்லி, சுவிட்சைப் போட்டார் ஹரிகிருஷ்ணன்.