முன், பின்

கண்காட்சி திறக்க இன்னும் அரை மணிதான் இருந்தது. மகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா மறுபடியும் அட்டைகளை மாற்றி வைத்திருந்தார்.

சுவரில் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள். எல்லைக் காட்டில் அப்பா கட்டிய பாலத்தின் படத்துக்குக் கீழே ‘முன்’ என்ற அட்டை. வெறும் காட்டின் படத்துக்குக் கீழே ‘பின்’.

"காடு முதல்ல, பாலம் அப்புறம்ப்பா. எத்தனை தடவைதான் மாத்துறது?"

"நான் வச்சது சரிதாம்மா."

மறதி இவ்வளவு முற்றிவிட்டதா? "அத்தனை பேர் முன்னாடி மானம் போயிடும்!" என்று அட்டையைப் பிடுங்கினாள்.

அவர் அவளைக் காட்டுப் படத்தருகே இழுத்துப்போனார். "அந்தப் பெரிய மரத்தோட வேருக்குள்ள பாரு."

பார்த்தாள். வேர்கள் இறுக்கிப் பிடித்திருந்த கல்தூணில், பாலம் திறந்த வருஷம் செதுக்கியிருந்தது.

"சிநேகிதனைப் பாக்கப் போறேன்னு போன மாசம் கிளம்பினேனே, இந்தக் காட்டுக்குத்தான் போனேன். அதே பழைய கேமராவுல எடுத்தேன்."

"அப்போ பாலம்?"

"ஆள் நடமாட்டம் நின்னுச்சு. காடு எடுத்துக்கிச்சு."

வாசலில் கார் வந்து நின்றது.

"ஐயோ, பாலம் கட்டினதுக்கு உங்களைப் பாராட்டத்தானேப்பா வர்றாங்க!"

அவர் அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி, இருந்த இடத்திலேயே ஒட்டினார்.

"வரட்டும். ஜெயிச்சது யாருன்னு பாத்துட்டுப் பாராட்டட்டும்."