நடுத்தெருவில் மருந்துப் பானை

எங்கிருந்து ஆரம்பித்தாலும் தப்பாகப் போய்விடுமோ என்று யூஜென்னுக்குப் பயம். பானையிலிருந்து சொன்னால் பக்கத்து வீட்டு லியாவ் அக்காவைத் திருடி என்பார்கள். வாசனையிலிருந்து சொன்னால் சண்டாளி என்பார்கள்.

ஆனால் வாசனைதான் முதலில் வந்தது.

சீனப் புத்தாண்டு முதல் நாள் காலை. வெடித்த பட்டாசுக் காகிதம் தெருவெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. எள்ளுப் பூரண உருண்டை வேகிற வாசனை வர வேண்டிய நேரத்தில், சுக்கும் அதிமதுரமும் கொதிக்கிற வாசனை வந்தது. கூடவே வத்சநாபிக் கிழங்கின் மண்வாடை.

"யார்டி அது, வருஷம் பொறந்த அன்னைக்கே மருந்து காய்ச்சறது?" எதிர்வீட்டு துவான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"வேற யாரு? லியாவ் அக்காதான்," என்றாள் யூஜென்.

"முதல் நாள் மருந்து கொதிச்ச வீட்ல வருஷம் முழுக்க மருந்து கொதிக்கும். அவளுக்குத் தெரியாதா? வாசல்ல நின்னு நோயைக் கூப்பிடறா பாரு."

"அதுவும் என் பானையில." சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று யூஜென் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "அவ புருஷன் படுக்கையில கிடந்தப்ப வாங்கிட்டுப் போனது. அவரும் போய்ச் சேர்ந்தாச்சு, பானை வரலை."

"எப்படி வரும்? மருந்துப் பானைய வாங்கினவ திருப்பிக் கொடுத்தா நோயையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. நீதான் போய் எடுக்கணும்."

"தேவைப்படலை. போகலை."

தேவை நள்ளிரவிலேயே வந்துவிட்டது, ஊரே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது. அதை அவள் துவானிடம் சொல்லவில்லை.

உள்ளே யூஜென்னின் புருஷன் தாச்செங் இருக்கிற போர்வையெல்லாம் போர்த்திக் கிடந்தான். பண்டிகைக்கு முன்பே பிடித்த வயிற்றுப்போக்கு நின்றிருந்தது. ஆனால் கை முழங்கை வரை, கால் முழங்கால் வரை ஐஸ். சுடுதண்ணீர் பாட்டிலை அணைத்துக் கொடுத்தால் பாட்டில்தான் ஆறியது.

கூ டாக்டர் முன்கூட்டியே பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். "கைகால் சில்லிட்டா உடனே காய்ச்சணும். இரும்புச் சட்டி ஆகாது, மண்பானைதான். நடுவுல பச்சத்தண்ணி ஊத்தாத, கிழங்கோட விஷம் முறியாது."

பொட்டலம் ஆணியில் தொங்கியது. இருந்த ஒரே மண்பானை லியாவ் அக்கா வீட்டில். டவுனுக்குக் கூட்டிப் போகலாம் என்றால் பஸ் இன்று ஓடாது. முதல் நாளன்று மருந்துப் பானை கேட்டு ஒருத்தர் வாசல் ஏறினால் அந்த வீட்டுக்கு ஆகாது. தன் அடுப்பில் மருந்து ஏற்றினால் தன் வீட்டுக்கு ஆகாது.

"இன்னிக்கு ஒரு நாள் தாங்கிக்கோங்க. நாளைக்குக் காய்ச்சித் தர்றேன்."

"நாளைக்கு நான் இருந்தா காய்ச்சு," என்றான் தாச்செங். கிண்டலாகத்தான் சொன்னான். சிரிக்கத் தெம்பில்லை. யூஜென் ராத்திரி போலவே அவன் காலைத் தேய்த்துக்கொண்டே அழுதாள்.

மதியம் தெருவில் ஒரு குரல்.

"யூஜென், வெளிய வா."

லியாவ் அக்கா தன் வாசற்படியை விட்டு இறங்காமல் நின்றிருந்தாள். நடுத்தெருவில், பட்டாசுக் காகிதத்துக்கு மேல், பழைய பஞ்சுக் கோட்டு சுற்றிய மண்பானை. மூடியோரம் ஆவி.

"உன் பானை. எடுத்துக்கோ."

"என்னக்கா இது, நடுத்தெருவுல?"

"உன் வாசலுக்குக் கொண்டு வந்தா திருப்பிக் கொடுத்ததா ஆயிடும். நீ என் வாசலுக்கு வந்தா நல்ல நாளும் அதுவுமா மருந்துப் பானை கேட்டு வந்ததா ஆயிடும். நீதான் சகுனம் பார்க்கிறவளாச்சே. அதான் பாதி வழியில வச்சேன். சீக்கிரம் எடு, ஆறுது."

யூஜென் கோட்டைத் தொட்டாள். சுட்டது.

"உள்ள இருக்கறது யாருக்கு?"

"நல்லா கேட்டே போ. ராத்திரியெல்லாம் அவன் காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நீ அழுதது சுவர் வழியாக் கேட்டுச்சு. என் வீட்டுக்காரருக்கு வந்த அதே சில்லிப்பு. அவருக்கு வாங்கின சரக்கு மிச்சம் இருந்துச்சு, டாக்டர்கிட்ட போன்ல அளவு கேட்டுப் போட்டேன். விடியறதுக்கு முன்ன ஏத்தினது. நாக்குல வச்சும் பார்த்தாச்சு, மரத்துப் போகலை, விஷம் முறிஞ்சாச்சு. தைரியமாக் கொடு."

"அப்போ காலையில நான் பேசினது..."

"அதுவும் கேட்டுச்சு. ஒரே சுவர்தானே."

யூஜென்னுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "முதல் நாள்க்கா. இனி வருஷம் முழுக்க உன் வீட்ல..."

"வந்தா வரட்டும். தனியாத்தானே கிடக்கேன், ஒரு துணை ஆச்சு." லியாவ் அக்கா உள்ளே போய்விட்டாள்.

யூஜென் ஒரு கையால் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். இன்னொரு கையால் தாச்செங்கின் கையைப் பிடித்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு உள்ளங்கையில் ஒரு பொட்டு சூடு. அது விரல் விரலாக, தெருவில் விளக்கேற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி, நுனிவரை நடந்து போனது. நீலம் பாய்ந்திருந்த நகங்கள் சிவந்தன. கிழங்கு, சுக்கு, அதிமதுரம். மூன்றே சரக்கு. அவள் மூச்சு விடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறே?" என்றான் தாச்செங்.

சாயங்காலத்துக்கு இன்னொரு வேளை வேண்டும். யூஜென் ஆணியிலிருந்த பொட்டலத்தை எடுத்தாள். கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். கதவை அகலத் திறந்தாள். பானையை ஏற்றி, ஆவி தெருக்கோடி வரை போகும்படி விசிறினாள்.

துவான் ஓடி வந்தாள். "நீயுமா? காலையில லியாவ் ஒருத்தி பண்ணினது போதாதா?"

"லியாவ் அக்கா வீட்ல ஒண்ணும் கொதிக்கலை," என்றாள் யூஜென், தெருவுக்கும், வீடு தேடி வரப்போகிற நோய்க்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி. "காலையில வந்ததும் எங்க வீட்டு வாசனைதான்."